வராதவர் கணக்கு

ஒரு துணை சுகாதார நிலையத்தில் பிரஷருக்குப் பதிவானவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காலாண்டில் வந்து பார்த்தவர்கள் 250. அவர்களில் 175 பேருக்கு 140/90-க்குக் கீழே இருந்தது. மாதக் கூட்டத்துக்குத் தயாராகும் படத்தில் இது ‘70 சதவீதம் கட்டுப்பாட்டில்’ என்று பச்சை நிறத்தில் வரும். 175-ஐ 250-ஆல் வகுத்தால் 70 தான், வகுத்தலில் தவறில்லை. எதால் வகுத்தோம் என்பதில்தான் தவறு. 400-ஆல் வகுத்தால் 44-கூட முழுசாகத் தேறாது. பக்கவாதம், மாரடைப்பு என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை யாருக்கு வரக்கூடும் என்று கேட்டால், முதலில் தேட வேண்டியது கணக்கில் விட்டுப்போன அந்த 150 பேரில்தான்.

டேட்டா அனாலிடிக்ஸ் என்றதும் பெரிய திரை, வண்ண வரைபடம், செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு போகிறது. சுகர், பிரஷர் போன்ற நீண்டகால நோய்களைப் பொறுத்தவரை அதனிடம் கேட்க வேண்டிய முதல் பொருள் ஒரு தாள்: இந்த வாரம் யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். அதற்கு எக்செல் போதும். லிப்ரே ஆபீஸ் இருந்தாலும் போதும்.

தரவு இல்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்துப் பதிகிறார்கள். ஊர் சங்கங்களும் கோயில், பங்கு இளைஞர் குழுக்களும் நடத்தும் முகாம்களின் நோட்டுப் புத்தகங்கள் தனி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர் – இண்டியாப் ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதத்துக்குச் சர்க்கரை நோய், 15.3 சதவீதத்துக்கு அதன் முந்தைய நிலை, 35.5 சதவீதத்துக்கு உயர் ரத்த அழுத்தம் என்று சொன்னது. 2011 கணக்கெடுப்பில் 18,70,374 பேர் இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன வேலை இல்லை. எண்கள் குவிகின்றன, குவிந்த இடத்திலேயே கிடக்கின்றன.

தாளை அமைப்பது

ஒரு வரி என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு வருகை. ஆளுக்கு ஒரு வரி போட்டு, ‘ஜனவரி பிரஷர்’, ‘பிப்ரவரி பிரஷர்’ என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போகும் தாள்தான் எங்கும் காணக் கிடைப்பது. ஆறு மாதத்தில் அதை யாராலும் கூட்டிக் கழிக்க முடியாது. வேண்டிய பத்திகள்: ஆள் எண், வந்த தேதி, நேரம், மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், சுகர் அளவு, சுகரின் வகை (வெறும் வயிறு, சாப்பிட்டு 2 மணி நேரம், நேரம் பார்க்காமல் எடுத்தது), எத்தனை நாள் மாத்திரை கொடுத்தது, எந்தக் கருவி, பார்த்தவர் யார். பெயர், முகவரி, போன் எல்லாம் வேறொரு தாளில், ஆள் எண்ணோடு மட்டும்.

மேல், கீழ் அழுத்தம் இரண்டையும் ‘140/90’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சராசரி கேட்டால் கைவிரிக்கும். ஆபா எனும் தேசிய சுகாதார அடையாள எண் 14 இலக்கம். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றாவிட்டால் 9.1இ+13 என்று சுருங்கித் தெரியும், அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். தமிழில் பெயர் எழுதியிருந்தால் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று தேர்ந்து சேமிக்க வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருக்கள் காலத்துப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பைதான் இருக்கும்.

தேதிதான் எல்லாவற்றிலும் மோசம். 05/08 என்று நாம் எழுதுவது ஆகஸ்ட் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி அதை மே 8 ஆக்கிக்கொள்ளும், வாயே திறக்காது. 12-க்கு மேற்பட்ட நாள்களை மாற்ற அதற்கு வழியில்லாததால் அவை எழுத்தாகவே நிற்கும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நிற்பது தேதி. ஒரே பத்தியில் இரண்டும் கலந்து தெரிந்தால், வலப்பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்று சந்தேகப்படுங்கள். எக்செலிலேயே உள்ள பவர் கொயரி வழியாகக் கோப்பை உள்ளே எடுக்கும்போது லொக்கேல் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை தீரும். இதைச் சரி செய்யாமல் ‘90 நாளாக வராதவர்’ பட்டியல் எடுத்தால், போன வாரம் வந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிவரும். ஒருமுறை அப்படிப் போனால் தன்னார்வலருக்கு அந்தப் பட்டியல்மேல் இருந்த நம்பிக்கை போய்விடும், திரும்ப வராது.

எண்ணைச் சந்தேகப்படுவது

மேல் அழுத்தம் 70-க்குக் கீழே அல்லது 260-க்கு மேலே, கீழ் அழுத்தம் 40-க்குக் கீழே அல்லது 150-க்கு மேலே, மேலது கீழதைவிடக் குறைவு – இந்த மூன்றையும் சிவப்பில் காட்டச் சொன்னால் விரல் தவறியவை பெரும்பாலும் அகப்படும். குளுக்கோமீட்டர் ‘ஹை’ என்று மட்டும் காட்டினால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறவர்கள் உண்டு. மிக ஆபத்தான ஆள் அதனால் பட்டியலிலிருந்தே மறைந்துபோவார். ‘ஹை’ வந்தால் 999 என்று எழுதுவது என முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம், சராசரி எடுக்கும்போது மட்டும் அதை விலக்கினால் போதும்.

விரல் தவறாமல் வரும் பொய்கள் வேறு வகை. டிஜிட்டல் கருவியில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 10 சதவீதம் வர வேண்டும். மேல் அழுத்தத்தை 10-ஆல் வகுத்து மீதியை எடுங்கள் (எக்செலில் ‘மாட்’ சூத்திரம்), பார்த்தவர் வாரியாகப் பிவட் டேபிள் (தொகுத்து எண்ணித் தரும் அட்டவணை) போடுங்கள். 500 அளவுகளில் ஒவ்வொரு இலக்கமும் 50 முறை அளவில் வரும். 30-க்கும் 70-க்கும் இடையில் ஆடினால் இயல்பு. 0 மட்டும் 200 முறை வந்தால் யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள். பாதரசக் கருவி என்றால் அளவுக்கோடுகள் 2, 2 ஆக இருப்பதால் இரட்டை இலக்கங்கள் தலா 20 சதவீதம் வரும், அதைப் பிழை என்று பிடிக்கக் கூடாது. இந்தச் சோதனையை ஆளைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினால் அடுத்த மாதம் 0-க்குப் பதிலாக 2, 4, 6 என்று அழகாகப் பரப்பி எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் காரணம் பேட்டரி தீர்ந்த கருவி, கிழிந்த கைப்பட்டை, ஒரு நாளைக்கு முடிக்கச் சொன்ன வீடுகளின் எண்ணிக்கை. அதைக் கேட்டுத் தீர்ப்பதுதான் வழி. கைப்பட்டை அளவும் பார்க்க வேண்டும்: சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். வள்ளம் தள்ளி உரமேறிய கைக்கு அது சின்னதாகி, அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

இடுப்புச் சுற்றளவில் 34 என்று கண்டால் அது தையல்காரர் நாடாவின் அங்குலம். 55-க்குக் கீழுள்ளவற்றைத் தனியே எடுத்து, கேட்டு உறுதி செய்தபின் 2.54-ஆல் பெருக்கினால் 86 செ.மீ. வரும். அபாய மதிப்பெண் கணக்குக்கு இது முக்கியம். சென்னையில் உருவான இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் முறையில் வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நாலே கேள்விதான், மொத்தம் 100. 60-ம் அதற்கு மேலும் அதிக அபாயம். ஆணுக்கு இடுப்பு 90-க்குக் கீழ் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, 100-ம் மேலும் என்றால் 20. பெண்ணுக்கு இதே எல்லைகள் 80, 90. அங்குலம் நுழைந்துவிட்டால் தொந்தி வைத்தவர்களுக்கெல்லாம் 0 விழும்.

இனி ‘வெறும் வயிறு’. திருவட்டார், அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டப் போகிறவர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பால் எடுத்து முடித்துத் திரும்ப முற்பகல் ஆகும். முகாமில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார், உண்மையும் அதுதான். நடுவில் சர்க்கரை போட்ட கட்டன்சாயா இரண்டு முறை உள்ளே போயிருக்கும். அது அவர் கணக்கில் சாப்பாடு அல்ல. கேள்வியை ‘காலையில இருந்து என்ன குடிச்சீங்க?’ என்று மாற்றுங்கள். தாளில் நேரம் என்ற பத்தி எதற்கு என்றால் இதற்குத்தான்: பதினோரு மணிக்கு எடுத்து ‘வெறும் வயிறு’ என்று குறித்தவை எல்லாம் சந்தேக வரிசையில் போக வேண்டும். வெறும் வயிற்றில் 126 என்றால் நோய் எல்லை. நேரம் பார்க்காமல் எடுத்ததில் 140 என்பது மேற்கொண்டு சோதிக்கச் சொல்லும் எல்லை மட்டுமே. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து சராசரி எடுப்பது நெத்தோலியையும் சூரையையும் ஒரே கூடையில் போட்டு ‘ஒரு மீன் இவ்வளவு எடை’ என்பது போலத்தான்.

ஒரே ஆள், மூன்று பெயர்

பிரான்சிஸ் சவேரியார் 1540-களில் நடந்த கடற்கரை இது. சேவியர் என்ற பெயர் எத்தனை வீட்டில் இருக்கும், எத்தனை விதமாக எழுதப்படும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்கே போனால் வீட்டுப் பெயர் முன்னால் வரும், இனிஷியல் சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் நிற்கும். புத்தன்வீடு, காட்டுவிளை என்ற பெயர்கள் எந்த ஊருக்கும் தனிச்சொத்து அல்ல. குடும்பத்துக்கே ஒரு போன் நம்பர் என்பதால் போனை வைத்து ஆளைப் பிரிக்கவும் முடியாது. ஒரே ஆள் மூன்று முறை பதிவானால் இரண்டு ‘வராதவர்’கள் சும்மா பிறந்துவிடுவார்கள்.

பெயர் ஒலியை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வது. ஆங்கில எக்ஸில் தொடங்கும் சேவியரும் எஸ்ஸில் தொடங்கும் சேவியரும் அதற்கு இரண்டு ஆள். பவர் கொயரியின் ‘ஃபஸி மெர்ஜ்’ பரவாயில்லை; அதன் ஒற்றுமை அளவு 0.8 என்று தானாக அமைந்திருக்கும். பெயரை மட்டும் ஒப்பிட விடாமல், முதலில் ஒரே வார்டு, ஒரே பால், வயது வித்தியாசம் 3-க்குள் என்று கூட்டத்தைச் சுருக்கிவிட்டு அதற்குள் ஒப்பிடச் சொல்ல வேண்டும். வயதைச் சரியாகப் பொருத்தச் சொன்னால் ஏமாறுவோம்: 50, 55, 60 என்று வாய்க்கு வந்த வயதைச் சொல்வது எங்கும் உள்ளதுதான். இயந்திரம் ‘ஒருவரே’ என்று சொன்ன ஜோடிகளைத் தானாகச் சேர்க்க விடாதீர்கள். தாளில் அச்செடுத்து அந்த வார்டின் தன்னார்வலரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பேனாவால் தீர்த்துத் தருவார். அந்த அறிவு எந்த மென்பொருளிலும் இல்லை.

பட்டியல்

இப்போது வேலை எளிது. ஒவ்வொரு ஆள் எண்ணுக்கும் கடைசியாக வந்த தேதியை ‘மேக்ஸ்இஃப்ஸ்’ சூத்திரம் எடுத்துத் தரும். அதோடு மாத்திரை கொடுத்த நாள்களைக் கூட்டினால் மாத்திரை தீரும் தேதி. இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்தால் எத்தனை நாளாக மாத்திரை இல்லாமல் இருக்கிறார் என்று தெரியும். ‘கடைசியாக வந்து 30 நாள்’ என்று எல்லோருக்கும் ஒரே அளவு வைப்பதைவிட இது நியாயம், ஏனென்றால் 60 நாளைக்கு மாத்திரை வாங்கியவரை 31-ஆம் நாள் துரத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் வரை தாமதம் என்றால் போன், அதற்கு மேல் நேரில். வரிசைப்படுத்தும்போது நாளை மட்டும் பார்க்காமல், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கடைசி அளவு 160/100-ம் அதற்கு மேலும் இருந்தவர்கள், சுகரும் பிரஷரும் சேர்ந்தவர்கள் இவர்களை மேலே ஏற்ற வேண்டும். ஒரு தன்னார்வலருக்கு வாரத்துக்கு 15 பெயருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 80 பெயர் கொடுத்தால் எளிதான 15 வீட்டுக்குத்தான் போவார், அது மனித இயல்பு.

கட்டுப்பாட்டு விகிதம் எடுக்கும்போது 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் வழியைப் பின்பற்றலாம். பதிவாகி 3 மாதத்துக்கு மேலான அனைவரும் பின்னத்தின் கீழே. கடந்த 3 மாதத்துக்குள் வந்து, கடைசி அளவில் மேலது 140-க்கும் கீழது 90-க்கும் குறைந்தவர்கள் மேலே. வராதவர், கட்டுப்படாதவர் இருவரையும் தனித்தனியாகக் காட்டுங்கள், இருவருக்கும் மருந்து வேறு. முன்னவருக்கு ஆள் அனுப்ப வேண்டும். பின்னவருக்கு மருத்துவர் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது வீட்டில் கருவாடும் ஊறுகாயும் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

முகாம் கணக்கில் இன்னொரு ஓட்டை. 200 பேர் வந்த முகாமில் 150 பெண்கள், 50 ஆண்கள். பெண்களில் 36 பேருக்கும் ஆண்களில் 20 பேருக்கும் பிரஷர். மொத்தம் 28 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆண்களில் 40, பெண்களில் 24 என்று பிரித்து, ஊரில் இருபாலும் சமம் என்று எடையிட்டால் 32 வரும். வித்தியாசம் நாலுதானே என்று தோன்றலாம். அந்த நாலும் முகாமுக்கு வராத ஆண்கள். அதே முகாமில் மேல் அழுத்தம் சராசரி 150 இருந்தவர்கள் அடுத்த மாதம் 142 ஆனதை ‘நம் விழிப்புணர்வுப் பேச்சின் பலன்’ என்று போடுவது அடுத்த ஏமாற்றம். ஒருநாள் உச்சத்தில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலே சராசரி இறங்கும். பேச்சு கேட்காத ஒரு கூட்டத்தையும் இரண்டு முறை அளந்து ஒப்பிடாமல் பலன் என்று சொல்லக் கூடாது.

வரைபடத்தின் மயக்கம்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், வார்டு வாரியாக வண்ணம் பூசிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு துணை நிலையத்தின் கீழ் சமவெளியில் 5000 பேர், மலையில் 3000 பேர் என்பது விதி. அவ்வளவு சின்னக் கூட்டத்தில் ஓராண்டில் 8 பக்கவாதம் என்பது தற்செயலாலேயே 3 முதல் 16 வரை ஆடக்கூடிய எண். பக்கத்து ஊரின் 16, 9 முதல் 26 வரை ஆடும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கையில் ஒன்றுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு பூசுவது ஊர்மேல் பழி போடுவதாகும். மூன்றாண்டுகளைச் சேருங்கள், வயதுக்கு ஏற்பச் சமன் செய்யுங்கள். வளைகுடாவுக்கு இளைஞர்கள் போய்விட்ட ஊரில் முதியவர்கள் விகிதம் கூடித்தான் இருக்கும். மணவாளக்குறிச்சியின் கதிர்வீச்சுள்ள மோனசைட் மணலையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசும்போதும் இதே நிதானம் வேண்டும். அதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009-ல் எழுதியது. தூரக் கணக்கிலும் மயக்கம் உண்டு. பேச்சிப்பாறையில் படம் காட்டும் நேர்கோட்டுத் தூரத்தின் நடுவே அணைத் தண்ணீர் கிடக்கும்.

யார் வராமல் போவார் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல்கள் பற்றி ஒரு வரி: முன்பு எத்தனை முறை தவறினார் என்ற ஒரே பத்தி அவற்றின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மாரடைப்பு அபாயத்துக்கு உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட அட்டவணைகளில் தெற்காசியாவுக்கான தனிப் பிரிவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் உடல் எடைக் குறியீட்டை வைத்துப் பார்க்கும் வடிவமும் உண்டு. வேறு தேசத்து மாடலைத் தேடிப் போக வேண்டாம்.

காரணப் பத்தி

பட்டியலோடு வீட்டுக்குப் போனவர் ‘ஆள் இல்லை’ என்று மட்டும் எழுதித் திரும்பினால் பாதி வேலை வீண். வராததன் காரணத்துக்கு ஒரு எழுத்துக் குறி வேண்டும். தனியாரிடம் மாத்திரை வாங்குகிறார். திருவனந்தபுரத்தில் காட்டுகிறார், சீட்டு அங்கேயே நின்றுவிடும், இங்கே பதிவேட்டுக்கு வராது. வெளிநாடு போய்விட்டார். கடலில் இருக்கிறார். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) வேலை, பகலில் வீடு பூட்டியிருக்கும். இறந்துவிட்டார். ‘இப்ப ஒண்ணும் இல்ல’ என்று தானே நிறுத்திவிட்டார். முதல் இரண்டு கூட்டத்தாரிடம் கடைசி அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். இறந்தவரை நீக்காவிட்டால் விகிதம் காலத்துக்கும் கீழேயே கிடக்கும். அந்த வீட்டில் போய் மறுபடி கேட்பதுபோல் சங்கடம் வேறில்லை. தானே நிறுத்தியவர்தான் தன்னார்வலரின் நேரம் முழுதும் போக வேண்டிய இடம்.

காரணங்களை மாதவாரியாகப் பிவட் போட்டால் ஊரின் நாட்காட்டியே எழுந்து வரும். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் தொழிலாளி ஒருமுறை போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அவருக்கு 30 நாள் மாத்திரை கொடுப்பதே தவறிப்போகட்டும் என்று கொடுப்பதுதான், மருத்துவரிடம் பேசி 60 நாளைக்கு வாங்கித் தர வேண்டும். விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆண்களை அளக்க அந்த வாரங்களை விட்டால் வேறில்லை. ரப்பர் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் நாள்களில் மலையோரம். அண்டியாபீஸ் பெண்களுக்கு ஞாயிறு, அல்லது ஆலை வாசலிலேயே வேலை விடும் நேரம்.

இந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் ‘பெண்ணின் அம்மாவுக்குச் சுகர்’ என்ற செய்தி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். தன்னார்வலர் கைக்குப் போகும் தாளில் பெயர், வீடு, ‘மாத்திரை தீர்ந்த தேதி’ மட்டும் இருக்கட்டும். நோயின் பெயரும் அளவும் ஆள் எண்ணோடு கடவுச்சொல் போட்ட கோப்பில் இருக்கட்டும். வார முடிவில் காரணக் குறியை ஏற்றிய பிறகு அச்செடுத்த தாளைக் கிழித்துவிட வேண்டும். திங்கட்கிழமை புதுத் தாள் வரும்.